வியாழக்கிழமை ரத்தம்

ஜூன் 5, வியாழன்

அம்மா வந்து சேர்ந்தாள். ரயில் நேரத்துக்கு வந்துவிட்டது. எழும்பூருக்கு நான்தான் தாமதம். மூன்று பைகள். ஒன்றில் முழுக்க முருங்கைக்கீரை. சென்னையில் கீரை கிடைக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அனுப்பி வைத்தது இசக்கி அக்கா. இரண்டு மாதம் என்னோடு இருக்கட்டும் என்கிறாள். போனில் வழக்கமான பாட்டு.

“எலே நாயகம், அம்மாவ ஒரு நல்ல டாக்டர்ட்ட காமி. எனக்கு என்னமோ சரியாப் படல. எல்லாத்தையும் மறந்துருதா.”

இதைப் பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மறதி யாருக்குத்தான் இல்லை? நான் வேலை பார்ப்பதே அல்ஸைமர் ஆய்வுக்கூடத்தில். டாக்டர் தேவைப்பட்டால் எனக்குத் தெரியும் என்றேன். அக்கா பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். நான் அவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பதில்லை.

சாயங்காலம் அம்மா என் முழங்கையின் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டாள்.

“என்னய்யா இது பிளாஸ்திரி?”

“ரத்தம் குடுத்தேம்மா. ஆராய்ச்சிக்கு. வியாழக்கிழமை வியாழக்கிழமை எடுப்பாங்க.”

“யாருக்குப் போவுது?”

“யாருக்கும் இல்ல. ஒரு தட்டுல ஊத்துவோம்.”

“தட்டுல ஊத்ததுக்கா ஒன்னப் பெத்தேன்?” என்று கேட்டுவிட்டுக் கீரை ஆய உட்கார்ந்தாள்.

ஜூன் 7, சனி

வாஷிங் மெஷின் குழாய் மாற்றினேன். பழைய குழாயைப் போட்டவன் கையில் கிடைத்தால் பேச நிறைய இருக்கிறது.

அம்மா கோவில்பட்டி தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்தவள். எந்த ஊரிலிருந்து யார் கேட்டாலும் கனெக்‌ஷன் போட்டுக் கொடுக்கும் வேலை. இன்றைக்குப் பல்வலி என்று நான் சொன்னதும், அந்தக் காலத்துப் பல் டாக்டர் நம்பரைச் சொன்னாள். சும்மா சோதித்துப் பார்க்க மாரியம்மன் கோவில் தெரு அரிசி மில், தீயணைப்பு நிலையம், தாசில்தார் வீடு எல்லாம் கேட்டேன். நிறுத்தாமல் சொன்னாள். இவளுக்கா மறதி?

குளியலறை விளக்குக்கு எந்த ஸ்விட்ச் என்பது மட்டும் பிடிபடவில்லை. இந்த வீட்டில் ஸ்விட்சுகளை முட்டாள்தனமாக வைத்திருக்கிறார்கள். முதல் வாரம் நானும் தடுமாறினேன்.

ஜூன் 10, செவ்வாய்

அக்கா போன். “நீ அப்படி என்னதாம்லே ஆராய்ச்சி பண்ணுத?” என்று கேட்டாள். அம்மாவைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருந்ததற்குப் பரிசாக விளக்கமாகவே சொன்னேன்.

மூளைக்குள் குப்பை அள்ளும் செல்கள் இருக்கின்றன. நோய் எதிர்ப்புச் சக்தியைச் சேர்ந்தவை. அமிலாய்டு என்று ஒரு புரதக் கழிவு சேரச் சேர அதைத் தின்று தீர்ப்பது அவற்றின் வேலை. குப்பை எங்கே கிடக்கிறது என்று அவற்றுக்குக் காட்டிக்கொடுக்கும் உறுப்பை ட்ரெம்-2 என்ற மரபணு செய்கிறது. சிலருக்குப் பிறக்கும்போதே அந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அவர்களுடைய செல்களும் தின்னும், ஆனால் மெதுவாக. அப்படிப்பட்டவர்களுக்கு அல்ஸைமர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூடலாம். வந்தே தீரும் என்றில்லை.

மூளையைத் திறந்து பார்க்க முடியாது. அதனால் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து அந்த வேலையை ஓரளவு செய்யக்கூடிய செல்களைப் பிரித்து, ஒரு வாரம் வளர்த்து, ஒளிரும் சாயமேற்றிய அமிலாய்டைப் போடுகிறோம். எவ்வளவு தின்றன என்று மெஷின் சொல்லும். ஒவ்வொரு வாரமும் கூடவே ஆரோக்கியமான ஓர் ஆளின் ரத்தத்தையும் வைத்து ஓட்டுவோம். அவர் செல்கள் தின்றது நூறு. மற்றவர்கள் எல்லாம் அந்த நூறுக்கு எத்தனை என்று கணக்கு.

அந்த ஆள் நான். சர்க்கரை இல்லை, சிகரெட் இல்லை, நரம்பு நன்றாகத் தெரியும், லீவு போடுவதில்லை.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். “அப்ப ஒலகத்துலயே சரியான ஆளு நீதாம்னு முடிவு பண்ணிட்டிய?”

“ஒலகத்துக்கு இல்ல. எங்க லேபுக்கு” என்று திருத்தினேன்.

ஜூன் 12, வியாழன்

ரத்தம். முருங்கைக்கீரை.

ஜூன் 17, செவ்வாய்

வேலையில் ஒரு பிரச்சினை. இரண்டு வருடக் கணக்கை இப்போதுதான் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தோம். நோயாளிகளின் செல்கள் நூறுக்குக் கீழே இருக்க வேண்டும். இதுவரை வந்ததெல்லாம் 138, 144, 129.

பிரிசில்லா மேடம் என்னைக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டினார். எங்கள் ஆய்வகம் அவருடையது.

“நாயகம், பேஷன்ட்ஸ் எல்லாரும் உன்னைவிட நல்லா சாப்பிடறாங்க. ஏன்?”

“தப்பு எங்கயோ இருக்கு மேடம்.”

“இல்ல, புதுசா ஏதாவது இருக்கா?”

ஆகஸ்டில் ஹைதராபாத்தில் மாநாடு இருக்கிறது. மேடம் கண்டுபிடிப்பு என்ற பக்கம் சாய்கிறார். நான் ஏ.சி. கோளாறு என்ற பக்கம்.

ஜூன் 18, புதன்

“இன்னைக்கு ரத்தம் குடுத்தியாய்யா?” என்றாள் அம்மா. நாளைக்குத்தான் வியாழன் என்றேன். சரி என்றாள். தட்டு கழுவும்போது மறுபடி கேட்டாள். இன்றைக்குப் புதன் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். தினமும் வீட்டுக்குள்ளேயே இருந்தால் கிழமை யாருக்கும் குழம்பும்.

ஜூன் 21, சனி

பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்து, அணைந்து, கேஸ் வந்துகொண்டிருந்தது. நல்லவேளை ஜன்னல் திறந்திருந்தது. இந்த அடுப்பின் குமிழ் சரியில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

சமையலறை அலமாரியில் ஐந்து டப்பா பெருங்காயம். முனைக் கடைக்காரன் வயதானவள் என்று தலையில் கட்டுகிறான். சண்டைக்குப் போனேன்.

“சார், நான் எதுக்குக் கட்டறேன்? அம்மாதான் வந்து வந்து கேக்கறாங்க. நேத்துதானே வாங்கினீங்கன்னு சொன்னா, உனக்கென்னடா தெரியும்னு திட்றாங்க.”

வியாபாரிகள் இப்படித்தான் பேசுவார்கள். ஒரு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

மெஷின் சர்வீஸ் ஆள் வந்தார். லேசர் சரி. செல் வளர்க்கும் பெட்டியின் வெப்பம் சரி. புது அமிலாய்டு வரவழைத்து ஓட்டினேன். 141. ஏ.சி.யும் சரி என்கிறார்கள். ஏ.சி.க்காரர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை.

ஜூன் 28, சனி

ரெஹானா மதியம் சாப்பிட வந்தாள். எங்கள் லேபில் பிஎச்.டி. செய்பவள், வியாழக்கிழமைகளில் என் கையில் ஊசி குத்துவது இவள்தான். அம்மா நன்றாகச் சமைத்திருந்தாள், உப்பைத் தவிர.

“ஒனக்கு எந்த ஊரும்மா?”

“வாணியம்பாடிம்மா.”

“அங்க பிரியாணி நல்லாருக்கும்பாவ.”

“எங்க பெரியம்மா வீட்டுக்கு வாங்க, சட்டியோட வைக்கறேன்.”

ரசம் ஊற்றும்போது அம்மா மறுபடி கேட்டாள். “ஒனக்கு எந்த ஊரும்மா?”

“எம்மா, இப்பத்தான கேட்ட” என்றேன் நான். ரெஹானா மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். அவளுக்கு என்னைவிடப் பாதங்கள் சிறியவை. ஆனால் மிதித்தது குதிகாலால்.

“வாணியம்பாடிம்மா.”

“அங்க பிரியாணி நல்லாருக்கும்பாவ.”

“ஆமாம்மா. எங்க பெரியம்மா செய்வாங்க பாருங்க, ஊரே மணக்கும்.”

மோருக்கு மூன்றாவது தடவை. இந்த முறை பெரியம்மாவின் மருமகள் வேறு கதைக்குள் வந்தாள். ரெஹானா அலுக்கவே இல்லை. அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. ஒரே தகவலை மூன்று முறை கேட்பது எனக்கு ஒத்துவராது.

படிக்கட்டில் இறங்கும்போது ரெஹானா நின்றாள்.

“நாயகம், நீ எந்த லேப்ல வேலை செய்யறன்னு ஞாபகம் இருக்கா?”

“ஏன்?”

“சும்மா கேட்டேன்” என்று சொல்லி ஹெல்மெட் மாட்டிக்கொண்டாள்.

ஜூலை 1, செவ்வாய்

அக்காவோடு சண்டை. கேஸ் விஷயத்தை அம்மாவே அவளிடம் உளறியிருக்கிறாள்.

எங்கள் வீட்டில் இதெல்லாம் சகஜம் என்று விளக்கினேன். சங்கரன் மாமாவையே எடுத்துக்கொள்ளலாம். அம்மாவின் அண்ணன். மொபெட்டில் சந்தைக்குப் போவார், பஸ்ஸில் திரும்பி வருவார். வண்டியைத் தேடிக்கொண்டு யாராவது போக வேண்டும். வீட்டுச் சாவியைத் துளசி மாடத்துக்குள் போட்டுவிட்டு எல்லோரையும் வெளியே நிற்க வைத்தார். எத்தனை வருடம் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்! நானும் சாவியை மறப்பவன்தான். அக்காகூட ஒருமுறை விடைத்தாள் கட்டை ஆட்டோவில் விட்டிருக்கிறாள்.

“மாமா கடைசில எப்படிலே இருந்தாவ?” என்றாள் அக்கா.

“எப்படி இருந்தாரு? வயசாயிட்டு.”

“அத்தைய யாருன்னு கேட்டாவ. அறுவத்தஞ்சுல. அது வயசாலே?”

தண்ணீர் லாரி வந்திருந்தது, ஹாரன் அடித்தான்.

“நம்ம வீட்டு அளவ வச்சே நம்ம வீட்ட அளக்காதலே. பக்கத்து வீட்டு அளவ வச்சுப் பாரு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஐந்தாம் வகுப்பு ஆசிரியை எல்லோரையும் ஐந்தாம் வகுப்பு என்று நினைக்கிறாள்.

ஜூலை 3, வியாழன்

இன்று என் ரத்தத்தோடு ரெஹானா ரத்தமும், கணக்குப் பிரிவு தனசேகர் ரத்தமும் எடுத்தோம். ஆரோக்கியமான வேறு ஆட்களையும் ஓட்டிப் பார்க்கலாம் என்பது என் யோசனை. அக்கா சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தனசேகர் ஊசியைப் பார்த்ததும் மயங்கிவிட்டார். எழுப்பி, மாம்பழ ஜூஸ் கொடுத்து, மறுபடி குத்தினோம்.

ஜூலை 10, வியாழன்

நான் 100. ரெஹானா 151. தனசேகர் 147.

“மெஷினைத் திரும்பக் கழுவி ஓட்டு” என்றேன்.

ஓட்டினாள். ரெஹானா 150. தனசேகர் 148.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு, நாயகம்” என்றாள், திரையைப் பார்த்தபடியே. “ஏ.சி.யும் நல்லாத்தான் இருக்கு. பேஷன்ட்ஸுக்கு ஒண்ணும் கூடல. நூறுதான் சின்னதா இருக்கு.”

இரண்டு வருடமாக ஊர்ப்பட்ட ரத்தத்தையெல்லாம் என்னை வைத்து அளந்திருக்கிறோம். தொழில்நுட்ப ரீதியாக இது எளிய பிழை. சரிசெய்வதும் எளிது. மாலை ஐந்து மணிக்குள் புதுக் கணக்குமுறையை எழுதி மேடத்துக்கு அனுப்பிவிட்டேன். வரும் வழியில் பல்லுக்கு மாத்திரை வாங்கினேன்.

அம்மா பிளாஸ்திரியைப் பார்த்தாள். கீரை வைத்தாள்.

ஜூலை 11, வெள்ளி

மேடம் அறைக் கதவைச் சாத்தச் சொன்னார். இதுவரை ஒருநாளும் சாத்தச் சொன்னதில்லை.

“உன் கணக்கு சரியா இருக்கு. ஆனா நான் அதுக்குக் கூப்பிடல. உன் ட்ரெம்-2வைப் படிச்சுப் பாக்கலாம். பாக்கணும்னு கட்டாயம் இல்ல. பாத்தாலும் தெரிஞ்சுக்கணும்னு கட்டாயம் இல்ல. யோசிச்சுச் சொல்லு.”

“மேடம், அந்த ரிசல்ட் வந்து விழற ஃபோல்டரைத் திறக்கறதே நான்தான்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப அதை ரெஹானா திறக்கட்டும். மரபணு ஆலோசகர்கிட்ட போய்ட்டு வா.”

யோசிக்க ஒன்றுமில்லை, பார்த்துவிடலாம் என்றேன். வெளியே வந்த பிறகு கதவைத் திறந்து வைப்பதா சாத்துவதா என்று தெரியாமல் கொஞ்சம் நின்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

மதியம் லேபிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். சாப்பிட்டாளா என்று கேட்க. எடுத்தாள்.

“நம்பர் ப்ளீஸ்” என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். விளையாட்டு என்றால் அடுத்து சிரிப்பாள். காத்திருந்தேன்.

“எந்த ஊருக்கு வேணும், சொல்லுங்க” என்றாள். தெளிவான குரல். எனக்கு ஐந்தாறு வயதிருக்கும்போது இணைப்பகத்தின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட குரல்.

“கோவில்பட்டி” என்றேன். வேறு என்ன சொல்வது?

“லைன் பிஸியா இருக்கு. கொஞ்சம் கழிச்சுக் கூப்பிடுங்க.”

வைத்துவிட்டாள்.

கொஞ்சம் கழித்துக் கூப்பிட்டேன். “என்னய்யா, சாப்பிட்டியா?” என்றாள்.

இன்று எழுதுவதற்கு வேறு எதுவும் இல்லை. தண்ணீர் லாரி வரவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

ஆலோசகர் மெதுவாகப் பேசும் பெண்மணி. ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டியதற்குப் படம் வரைந்தார். அவர் வரையும் படத்தை வருடக்கணக்காக நானே மற்றவர்களுக்கு வரைந்துகாட்டிவருகிறேன். பொறுத்துக்கொண்டேன்.

என் முடிவு: ட்ரெம்-2, ஓர் எழுத்து மாற்றம், ஒரு பிரதியில் மட்டும். இன்னொரு பிரதி சரியாக இருக்கிறது. அம்மா, அப்பா இரண்டு பேரில் ஒருவரிடமிருந்து வந்தது. அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே லாரி மோதி இறந்துவிட்டார். அவரைச் சோதிக்க முடியாது.

“உங்க வீட்ல யாருக்காவது மறதி இருக்கா?” என்று கேட்டார்.

“இல்ல” என்றேன். பழக்கம்.

அவர் எதுவும் எழுதாமல் காத்திருந்தார்.

“எங்க வீட்ல எல்லாருமே கொஞ்சம் அப்படித்தான்” என்றேன். சொல்லிமுடித்த பிறகுதான் அந்த வாக்கியம் என் காதில் விழுந்தது. மேஜையில் தண்ணீர் இருந்தது. குடித்தேன். பிறகு மாமாவிலிருந்து தொடங்கி, பெருங்காயம், பால், நம்பர் ப்ளீஸ் வரைக்கும் வரிசையாகச் சொன்னேன். நிறைய எழுதினார்.

வெள்ளிக்கிழமை நரம்பியல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அம்மாவுக்கு.

இரவு சாப்பாட்டுக்கு முன் அக்காவிடம் சொன்னேன். அம்மா விஷயம், என் விஷயம், இரண்டும். “நான் சொன்னேம்லா” என்று அவள் சொல்வதற்காக நேரம் விட்டேன். சொல்லவில்லை.

“ஒனக்கும் இருக்கலாம்க்கா. பாதிக்குப் பாதி. சோதிச்சுப் பாக்கியா?”

“இப்ப வேண்டாம். காலாண்டுப் பரீட்சை முடியட்டும்.”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“ஒண்ணுமில்ல. சும்மா ஒரு தேதி வேணும்லா.” பிறகு கேட்டாள், “பயமா இருக்காலே?”

“இல்ல. அதிகபட்சம் மூணு மடங்குதான். அதுவும் எனக்கு வயசாகும்போது.”

“சரி. எனக்கும் இல்ல.”

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அவள் பக்கம் மிக்ஸி ஓடியது. என் பக்கம் அம்மா யாரிடமோ வாணியம்பாடி பிரியாணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் இல்லை, டி.வி.

ஜூலை 25, வெள்ளி

டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார். அம்மா வட்டத்தை அழகாக வரைந்தாள். எண்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடுக்கினாள். தாளை என் பக்கம் திருப்பி, “சரியாய்யா?” என்றாள்.

நான் தப்பைத் தப்பு என்று சொல்பவன். அதற்காகவே எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

“வட்டம் ரொம்ப நல்லாருக்கும்மா” என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில், சோதனையின் நடுவே வாயைத் திறக்காதே என்பது இருந்தது. நியாயம்.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு உறுதியாகச் சொல்வார். அவர் கணிப்பில் ஆரம்பக் கட்டத்தைத் தாண்டவில்லை. மாத்திரை உண்டு, நிறுத்தாது, கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். “ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா இன்னும் கொஞ்சம் நல்லாருந்திருக்கும்” என்றார். அக்கா சொல்லத் தொடங்கிய பொங்கலை எண்ணிப் பார்த்தேன். பிறகு எண்ணுவதை நிறுத்தினேன்.

“எம்மவன் பெரிய லேபுல இருக்கான். எதுனாலும் அவன்ட்ட கேட்டுக்கிடுங்க” என்று அம்மா டாக்டருக்குத் தைரியம் சொல்லிவிட்டு எழுந்தாள்.

ஜூலை 28, திங்கள்

அடுப்பின் குமிழைப் பார்க்க ஆள் வந்தார். குமிழில் பழுது இல்லை. தானாகவே கேஸை நிறுத்தும் கருவி ஒன்றை மாட்டச் சொன்னேன். ஊருக்குப் போன் செய்து, அம்மா இனி இங்கேயே இருப்பாள் என்று சொல்லிவிட்டேன். கடைக்காரனிடமும் பேசினேன். அம்மா எத்தனை டப்பா கேட்டாலும் கொடுக்கட்டும். மாலையில் நான் திருப்பித் தருகிறேன். அன்றைக்கு நான் திருப்பிக் கொடுத்த டப்பாவை அவன் ஏற்கெனவே அம்மாவுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறான். அதைக் காட்டிச் சிரித்தான்.

ஜூலை 31, வியாழன்

புது நூறு வந்துவிட்டது. அலுவலகத்தில் பத்துப் பேர் ரத்தத்தின் சராசரி. ரெஹானா, தனசேகர், செக்யூரிட்டி எல்லோரும் உண்டு. நான் இல்லை.

பழைய கணக்குகளை அதில் போட்டுப் பார்த்தோம். நோயாளிகள் எல்லோரும் நூறுக்குக் கீழே வந்துவிட்டார்கள். எங்கே இருக்க வேண்டுமோ அங்கே. மேடத்தின் கண்டுபிடிப்பு போயிற்று. ஹைதராபாத்தில் எங்கள் பிழையைப் பற்றியே பேசப் போகிறார். அதற்கும் கூட்டம் வரும் என்கிறார். நான் 67.

வரிசையில் என் பெயருக்குப் பதில் ஒரு எண் போடச் சொன்னேன், மற்றவர்களுக்கு இருப்பதைப் போல. ரெஹானா போட்டாள். ஊசி பிடிக்கும் கையை என்ன செய்வதென்று தெரியாமல், “டீ குடிக்கலாமா?” என்றாள். முதல்முறையாக வியாழக்கிழமை டீ குடித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்.

“இன்னைக்கு ரத்தம் குடுத்தியாய்யா?”

இந்த வாரம் இதற்கு உண்மையான பதிலைப் பல முறை சொல்லிவிட்டேன். இனி என் ரத்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்பேன். “ஏன், ஒடம்புக்கு என்ன?” என்று அவள் முகம் மாறும். சமாதானம் சொல்வேன். மறந்துவிடுவாள். மறுபடி கேட்பாள், மறுபடி முதல்தடவையாக முகம் மாறும். அந்த முகத்தை ஒவ்வொரு தடவையும் நான்தான் புதிதாக வரவழைக்கிறேன்.

“குடுத்தேம்மா” என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

“பொய் சொல்லுத. பிளாஸ்திரி எங்க?”

“உரிஞ்சு விழுந்துட்டும்மா.”

“உரிஞ்சா தடம் இருக்கும்லா.” என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “சின்னப் பிள்ளேலருந்து ஒனக்குப் பொய் சொல்ல வராது” என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு கீரை ஆய உட்கார்ந்தாள்.

பாதி ஆய்வதற்குள் மறுபடி கேட்டாள். அதற்குள் நான் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு வந்திருந்தேன்.